ஆசை காட்டாமல் பியானோ வாங்குவது

பழைய பியானோ வாங்கப் போகிறவர்கள் முதலில் பரிசோதிக்க வேண்டியது, கூட வருகிற ஆள் யார் என்பதை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கம்பி துருப்பிடித்திருக்கிறதா, அமுக்கிய கட்டை திரும்ப மேலே வருகிறதா, சுத்தியல்களில் ஒட்டியிருக்கும் கம்பளியைப் பூச்சி தின்றிருக்கிறதா என்றெல்லாம் மகளுடைய டீச்சர் போனில் ஒன்று விடாமல் சொன்னார். கூட வரும் ஆளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு என் அண்ணனைத் தெரியாது.

விஷயம் இதுதான். என் மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு சென்னையில் ஒரு இசைக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். அங்கே நேரில் போய் வாசித்துக் காட்ட வேண்டும், அதுவும் நிஜப் பியானோவில். எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரு எலெக்ட்ரானிக் கீபோர்டு. தொட்டாலே கத்துகிற பிளாஸ்டிக் கட்டைகள். அதில்தான் சின்ன வயதிலிருந்து அடித்துப் படித்தாள். வாரத்துக்கு ஒரு தடவை நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறிப் போய் டீச்சர் வீட்டுப் பியானோவில் ஒரு மணி நேரம் உட்காருவாள், அவ்வளவுதான். ஒரு நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஞானம் இருக்கிறது, விரலில் பலம் இல்லை என்றார். நிஜப் பியானோவில் கட்டைக்கு ஒரு கனம் உண்டு, அந்தக் கனம் விரலுக்குப் பழகாமல் போனால் அங்கே நாலு பேருக்கு முன்னால் பாதி சுரம் கேட்கவே கேட்காது, மழை தொடங்குவதற்குள் ஒரு பியானோ வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்றார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அந்தக் கல்லூரி அவளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அன்றுதான் முழுதாகத் தெரிந்தது.

புதிய பியானோ எங்களைப் போல மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டாது. பழையது ஒன்று ஆரியங்கோட்டில் விற்பனைக்கு இருக்கிறது என்று டீச்சரே ஒரு வாட்ஸ்அப் படத்தை அனுப்பினார். சுவரோடு நிமிர்ந்து நிற்கும் வகை. விற்பவர் வெளிநாட்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மூத்த மகனிடம் போய் இருப்பதற்காக வீட்டை வாடகைக்கு விடுகிறார், குடித்தனக்காரர்கள் வருவதற்குள் பியானோவைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார். போனில் விலையும் சொன்னார். நியாயமான விலை. நானும் மகளும் டீச்சரைக் கூட்டிக்கொண்டு போய், வாசித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் வாங்கி வந்திருக்க வேண்டும். மனிதர்கள் அப்படித்தான் பொருள் வாங்குவார்கள். ஆனால் என் வீட்டுக்காரர், "அத்தான் கிட்ட ஒரு வார்த்த சொல்லாம என்னத்த வாங்கியது?" என்றார்.

அவருடைய அத்தான்தான் என் அண்ணன். கேரள எல்லையில் இருக்கும் எங்கள் பாறசாலையில் பழைய கார் வாங்கி விற்கிறவன். எதை வாங்குவதென்றாலும் எங்கள் குடும்பத்தில் அவன்தான் முன்னால் நடப்பான். ஃப்ரிட்ஜ், நிலம், பல் டாக்டர் எல்லாம் அவன் பார்த்துச் சொன்னால்தான். அவனுக்கென்று ஒரே சட்டம் உண்டு, ஆசை காட்டக் கூடாது. சத்தியமாகச் சொல்கிறேன், இது அவன் கண்டுபிடித்ததும் இல்லை. எங்கள் பக்கத்து ரத்தத்திலேயே இருக்கிறது. சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கினாலும் நல்ல கிழங்கைக் கையில் எடுத்து முகத்தைச் சுளித்துக் கீழே போட வேண்டும். புடவைக் கடையில் பிடித்த புடவையை முதலில் தள்ளி வைக்க வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் மாமனார், "பெண்ணு கொஞ்சம் கறுப்பாக்கும்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் போனார். வாசலைத் தாண்டும்போதே இந்தப் பெண்தான் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்களாம். கல்யாணம் முடிந்த பிறகு அதை ஒரு பெரிய சாமர்த்தியம் போல என்னிடமே சொல்லிச் சிரித்தார்கள். நான் இன்று வரை அதற்குச் சிரிக்கவில்லை.

ஆரியங்கோட்டுக்கு அண்ணன் காரில்தான் போனோம். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ரோடு. அண்ணன் ஓட்டிக்கொண்டே மகளுக்குப் பாடம் எடுத்தான்.

"மக்கா, கேட்டுக்க. அங்ஙன போயி சாமானத்த கண்டதும் பல்ல காட்டப்பிடாது. பிடிக்கலண்ணு முகத்த வச்சுக்கிடணும். நீ வாசிக்கவே பிடாது. நீ வாசிச்சா பிள்ளைக்கு இது வேணும்ணு அவங்களுக்கு தெரிஞ்சு போவும். பின்ன வில எறங்காது."

"வாசிக்காம நல்லதா கெட்டதாண்ணு எப்பிடி மாமா அறியியது?"

"அதுக்கில்லியா நான் வாறேன்."

நான் பின் சீட்டிலிருந்து, டீச்சர் எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், மெதுவாக ஒரு தடவை, பலமாக ஒரு தடவை, பிறகு ஒரு பாட்டு முழுதாக வாசித்துப் பார்க்க வேண்டும் என்றேன். சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கத்துப் பலகையில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்தும் பார்க்க வேண்டும் என்றேன். அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அவ்வளவும் நோக்கினா கல்யாணத்துக்கு நாள் குறிச்ச மாதிரி ஆயிப்போவும். நீ சும்மா இரி" என்றான். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அந்தத் தலை வேறு எதற்கும் அவ்வளவு வேகமாக ஆடி நான் பார்த்ததில்லை.

அந்தம்மா நல்ல மனுஷி. வாசலுக்கே வந்து, "வரணும், இரிக்கணும்" என்று கூட்டிப் போனார். ஹாலில் பாதிப் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பியானோ ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றது. மேலே இன்டர்நெட் பெட்டி, பிளாஸ்டிக் ரோஜா, இரண்டு மகன்களின் பட்டமளிப்புப் படங்கள். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அவர் துணியை விலக்கினார். கறுப்பு நிறம், பளபளப்பு கொஞ்சம் போயிருந்தது. என் மகள் ஓரடி முன்னால் வைத்தாள். அண்ணன் இருமினான். அவள் அந்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

அண்ணன் பியானோவைச் சுற்றி வந்தான், அது சுவரை ஒட்டி நின்றதால் முக்கால் சுற்று. பக்கப் பலகையைக் கை முட்டியால் தட்டினான். கால் பகுதியை ஷூவால் லேசாக உதைத்தான், டயர் காற்று பார்ப்பது போல. "சிங்கிள் ஓனரா?" என்று கேட்டான். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அந்தம்மா பாவம், அதற்கும் பதில் சொன்னார். மூத்தவன் படிப்பதற்காக வெளிநாட்டிலேயே வாங்கியது, கன்டெய்னரில் வந்தது, மகன் வெளியே போன பிறகு யாரும் தொடவில்லை, ஆனால் மழை தொடங்கினதும் உள்ளே ஒரு சின்ன பல்பைப் போட்டு விடுவேன், இல்லாவிட்டால் ஈரத்தில் கம்பியெல்லாம் கெட்டுப் போகும் என்று மகன் சொல்லியிருக்கிறான் என்றார்.

"அப்போ கரண்டு சார்ஜும் உண்டு" என்றான் அண்ணன்.

அவன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மேல்மூடியைத் தூக்கி போன் டார்ச்சை அடித்தேன். யார் தடுத்தாலும் இதை மட்டும் செய்வது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். கம்பிகள் மங்கியிருந்தன, ஆனால் துரு உதிரவில்லை. கம்பியைச் சுற்றி இழுத்துப் பிடிக்கிற ஆணிகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் இறுகிப்போன எதைப் பார்த்தாலும் தேங்காயெண்ணெய் விட்டுவிடுவார்கள், இந்த ஆணியில் எண்ணெய் பட்டால் அது வழுக்கிக்கொண்டே இருக்கும், சுருதி ஒரு நாளும் நிற்காது. இங்கே ஆணிகள் காய்ந்து சுத்தமாக இருந்தன. சுத்தியல் கம்பளியில் கம்பி பட்ட தடம் இருந்தது, பூச்சி இல்லை. கீழ்ப்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். எலி இல்லை, கரையான் இல்லை, ஒரு பல்ப் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் சொன்னதில் பாதி பார்த்தாயிற்று, பாதியும் நல்லது. எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்தது. முகத்தை மட்டும் புளி தின்றது மாதிரி வைத்துக்கொண்டேன். ஆமாம், நானும்தான்.

"ஒரு கட்டைய அமுக்கி நோக்கு மக்கா" என்றான் அண்ணன், பெரிய மனது பண்ணி.

அவள் இடது பக்கத்தில் ஒரு கட்டையை ஆள்காட்டி விரலால் அமுக்கினாள். அந்தச் சத்தம் எழுந்து, தரையில் இறங்கி, என் உள்ளங்காலுக்கு வந்தது. உடனே அடங்கவும் இல்லை, நின்றுகொண்டே இருந்தது. அவள் விரலை எடுக்க மனமில்லாமல் எடுத்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எப்பிடி உண்டு மோளே?" என்று கேட்டார் அந்தம்மா. அவர் முகத்தில் அத்தனை எதிர்பார்ப்பு.

மகள் மாமாவைப் பார்த்தாள். காரில் படித்த பாடத்தை ஒப்பித்தாள். "கட்ட கொஞ்சம் கனமா இருக்கு."

அந்தக் கனத்துக்காகத்தானே பாறசாலையிலிருந்து அங்கே வந்திருந்தோம்.

அண்ணன் கையைத் தட்டி இல்லாத தூசியை உதறினான். "சிஸ்டரே, உள்ளத சொல்லணுமே. இது வெறகாக்கும். உள்ள கெடக்க இரும்புக்கு வேணுமெங்கி ஆக்ரிக்காரன் எடுப்பான். நாங்க யோசிச்சு சொல்லாம்." ஆக்ரிக்காரன் என்றால் எங்கள் பக்கத்தில் பழைய இரும்பு எடுக்கிறவன். அந்தம்மா அண்ணனைப் பார்த்தார். "அங்ஙனயா? எனக்கு இதக் குறிச்சு ஒண்ணும் அறியாது" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எங்களுக்குச் சாயாவும் ஏத்தங்காய் உப்பேரியும் கொண்டு வந்து வைத்தார். விறகு என்று சொன்ன வாயால் அண்ணன் உப்பேரியை ஒரு பிடி அள்ளிக்கொண்டான். நான் அந்தச் சாயாவை எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பும்போது காரில் அவனுக்கு ஒரே குஷி. "அவங்க முகம் வாடினத கண்டியா? ஒரு வாரத்துல அவங்களே விளிப்பாங்க. நாம விளிக்கப்பிடாது. விளிச்சா போச்சு."

ஒரு வாரம் போயிற்று. போன் வரவில்லை. மகள் தினமும் ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளை மாதிரி, "அம்மா, விளிச்சாங்களா?" என்று கேட்டுக்கொண்டு என் பின்னாலேயே நடந்தாள். விரலுக்குப் பலம் வர வேண்டும் என்று கீபோர்டில் ஓங்கி ஓங்கி அடித்ததில் ஒரு பிளாஸ்டிக் கட்டை ஒடிந்து அறை மூலையில் போய் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரரிடம், இப்போதே போன் செய்து அந்தம்மா கேட்ட விலைக்கே முடித்துவிடுங்கள் என்றேன். "இப்ப விளிச்சா நாம தோத்துப் போவோமில்லியாடி" என்றார். தோற்பதற்கு இதென்ன கபடியா என்று கேட்டேன். "அத்தான் சொன்னா அதுல ஒரு காரியம் உண்டு" என்றார். அந்த வீட்டில் அப்போது உடைப்பதற்குத் தோதாக என் கையில் ஒன்றும் இல்லாமல் போனது அவருடைய நல்ல காலம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பிட வந்திருந்தான். ஆண்கள் இரண்டு பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நேரம் நான் அடுக்களையிலிருந்து ரகசியமாகப் போன் செய்தேன். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே அந்தம்மா, "அன்னைக்கு உங்க அண்ணன் சொன்னது உபகாரமாச்சு" என்றார்.

"என்னது?"

"பின்னயும் ரெண்டு பேரு நோக்க வாறோம்ணு சொன்னாங்க. வெறகுண்ணு அறிஞ்சுக்கிட்டு அத எப்பிடி வேறொரு ஆளுக்கு வில்க்கியது? அது பாவமில்லியா. நான் வரண்டாம்ணு சொல்லிட்டேன். ஆக்ரிக்காரன் இப்ப ஏத்திட்டு இருக்கான். காசு ஒண்ணும் வாங்கல, எடுத்துட்டு போனா மதி."

எங்கள் ஊரில் வாங்க வந்தவன் விறகு என்று சொன்னால், நல்ல மரம் என்று விற்பவருக்குப் புரியும். பாதி வாழ்க்கையை வெளிநாட்டில் கழித்துவிட்டு வந்த இந்த மனுஷி சொன்னதைச் சொன்னபடியே நம்பிவிட்டார். "ஏத்த வேண்டாம்ணு சொல்லுங்க சேச்சி, நாங்க வாறோம்" என்று கத்தினேன். அதற்குள் அவர் பக்கம் யாரோ கூப்பிட, லைன் போய்விட்டது. பிறகு அடித்தபோது எடுக்கவே இல்லை.

ஹாலுக்கு வந்து என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. அண்ணனைப் பார்த்து, எலே என்று கூப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது. மூத்தவனை அப்படி நான் அதுவரை கூப்பிட்டதில்லை. அவன் கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் சாவியை எடுத்தான். மகள் செருப்பில்லாமல் காரில் ஏறினாள். குடிநீர்க் குழாய்க்காக ரோட்டைக் கீறிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் கார் ஏறி இறங்கும்போது, அந்தப் பியானோவும் இப்போது இதே மாதிரி ஏதோ ஒரு பள்ளத்தில் ஏறி இறங்குகிறதோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இரும்புக்காக எடுக்கிறவன் அதைப் பியானோவாக வைத்திருக்க மாட்டான். சம்மட்டியால் இரண்டு அடி போதும்.

ஆரியங்கோட்டு வளைவு திரும்பியதும் பார்த்தோம். கேட்டுக்கு வெளியே ஒரு பிக்கப் நின்றது. அதன் மேல், பழைய வாஷிங் மெஷினுக்கும் துருப்பிடித்த ஜன்னல் கம்பிகளுக்கும் நடுவே, பியானோ கயிற்றால் கட்டப்பட்டு ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. ஆக்ரிக்காரர் கடைசி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அண்ணன் காரைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினான். குரலைத் தாழ்த்தி, "ஆரும் ஓடப்பிடாது" என்றான். "நான் பைய போயி, வாஷிங் மெஷினுக்கு வில கேக்கிய மாதிரி நிக்கேன். பின்ன, அந்தப் பெட்டி என்னவாக்கும்ணு சும்மா கேப்பேன். ஆச காட்டாம—"

மகள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"மக்கா, நில்லு" என்றான் அண்ணன். அவள் நிற்கவில்லை. வெறுங்காலோடு ரோட்டைக் கடந்து, பின்பக்கத் தகரத்தில் கால் வைத்து வண்டி மேல் ஏறினாள். ஆக்ரிக்காரர், "ஏய் கொச்சே" என்று ஏதோ சொல்லப் போனார். அதற்குள் அவள் மூடியைத் திறந்து, நின்றபடியே, இரண்டு கையையும் வைத்துவிட்டாள்.

கல்லூரிக்காகப் பல மாதமாகப் படித்து வைத்திருந்ததை வாசித்தாள். கீபோர்டில் அதை நூறு தடவை கேட்டுச் சலித்திருக்கிறேன். இது அது இல்லை. இடது கை இறங்கும்போது வண்டியின் தகரமெல்லாம் சேர்ந்து அதிர்ந்தது. தூக்கி ஏற்றியதில் ஒன்றிரண்டு சுரம் கொஞ்சம் விலகியிருந்தது, எனக்கே தெரிந்தது. ஆனால் எல்லாக் கட்டைகளும் எழும்பின, எல்லாம் பேசின. கனம் தாங்காமல் விரல் சில இடத்தில் தடுக்கியது. தடுக்கிய இடத்தை அவள் திரும்ப வாசித்தாள், இன்னும் அழுத்தி. அவள் முகத்தில் ஒளித்து வைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீரும் வந்துகொண்டிருந்தது. எனக்கும் அழுகைதான் வந்தது. அதில் பாதி சந்தோஷம், பாதி கோபம், எது எங்கே முடிகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

அண்ணன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "போச்சு, எல்லாம் போச்சு" என்றான். அவன் சொன்னது சரிதான். ஆக்ரிக்காரர் கயிற்றை விட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து, அந்தப் பெட்டியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட விலை, அந்தம்மா முதலில் கேட்டதைவிட அதிகம். என் வீட்டுக்காரர் காரிலிருந்து இறங்கிப் போய் சரி என்றார். அத்தானை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போன சில நிமிஷங்களில் அதுவும் ஒன்று. வண்டியை அப்படியே எங்கள் வீட்டுக்கு விடச் சொன்னார்.

அந்தம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று நான் கவனிக்கவில்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கியதும் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மோளே, இது இத்தரயும் நல்லதா? அன்னைக்கு நீ ஏன் ஒண்ணும் வாசிக்கல?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துது ஆன்ட்டி. அதனாலதான்."

அந்தம்மாவுக்கு அது விளங்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "பிடிச்சா வாசிக்க வேண்டாமா?" என்று கேட்டார். என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.